பந்து இல்லாத 36 நிமிடம்

போன மாதம் பெரியகுளம் பஸ் ஸ்டாண்டில் வத்தலக்குண்டு பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். வரிசையில் நெருக்கிக்கொண்டு நின்ற பஸ் ஒன்றைப் பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. கண்டக்டர் இறங்கிப் பின்பக்கம் போய், உள்ளங்கையால் தகரத்தைத் தட்டித் தட்டி, "வரட்டும்… வரட்டும்… லெஃப்ட்ல ஒடி… இன்னும் ஒடி… வரட்டும்… ஹோல்டேய்!" என்றார். டிரைவர் ஒரு தடவைகூடக் கழுத்தைத் திருப்பவில்லை. எதையோ மென்றபடி முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, அவ்வளவு பெரிய வண்டியைப் பூக்காரம்மாவின் கூடைக்கும் ஒரு டூவீலருக்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

அந்த 'ஹோல்டேய்' காதில் விழுந்ததும் எங்கள் பி.டி. சார் ஞாபகம் வந்துவிட்டது. வெளிறிப்போன தொப்பி, பின்னால் கட்டிய கைகள், கழுத்தில் சும்மா தொங்கும் விசில். அவர் விசில் ஊதுவது அபூர்வம். எல்லாம் குரல்தான். எங்களிடம் அவர் கேட்டதும் அதையேதான். எதிரணி பந்தோடு வரும்போது எங்களில் எவனாவது வாயை மூடிக்கொண்டு நின்றால், கோட்டுக்கு வெளியிலிருந்து சத்தம் வரும்: "டேய், வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?"

பெரியகுளம் என்றால் வெளியூர்க்காரர்கள் மாம்பழம் என்பார்கள், கும்பக்கரை அருவி என்பார்கள். கூடைப்பந்து ஆடுகிறவர்கள் மட்டும், "மே மாச டோர்னமென்ட் நடக்குமே, அந்த ஊரா?" என்பார்கள். சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் பி.டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவுச் சுழற்கோப்பைப் போட்டி அது. 60 ஆண்டுகளைத் தாண்டி நடந்துவருகிறது. (கோப்பையின் பி.டி.க்கும் எங்கள் பி.டி. சாருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. எங்களவர் டிரில் மாஸ்டர்.) அப்படி ஓர் ஊரில் பிறந்துவிட்டதால் கிரிக்கெட் மட்டையைப் பிடிக்கும் முன்பே கூடைப்பந்தைத் தொட்டுவிட்டேன். தொட்டேனே ஒழிய, கூடையில் போடத்தான் வரவில்லை.

பள்ளி மைதானம் செம்மண் தரை. கடைசி மணி அடித்ததும் இரண்டு பேர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தெளிப்போம், இரண்டு பேர் சுண்ணாம்புக் கோட்டைப் புதுப்பிப்பார்கள். வெயிலில் காய்ந்த மண் தண்ணீர் பட்டதும் ஒரு வாசனை கிளம்பும். அதோடு பசி கிளம்பும். வளையத்தை மரப்பலகையில் அடித்திருப்பார்கள். வலை கிடையாது. அதனால் பந்து உள்ளே போனதா, வெளியே உரசிக்கொண்டு விழுந்ததா என்று தினமும் ஒரு பஞ்சாயத்து உண்டு. தோல் பந்து ஒன்றே ஒன்று. தையல் விட்டால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் செருப்புத் தைக்கிற பெரியவரிடம் போகும். அவர் முடித்துக் கொடுக்கும்வரை எங்களுக்குப் பந்தே கிடையாது.

பந்து இல்லாத அந்த நாட்கள்தான் சாருக்குக் கொண்டாட்டம். ஐந்து பேருக்கு ஐந்து பேரை எதிரெதிரே நிறுத்துவார். இல்லாத பந்தை அங்கிட்டும் இங்கிட்டும் கை காட்டுவார். நாங்கள் நகர வேண்டும், கத்த வேண்டும். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிபோல இருந்திருக்கும். ஒருநாள் மாவு மில்காரர் மகன் பொறுக்கமாட்டாமல், "சார், பந்து வந்ததும் ஆடிக்கலாமே" என்றான். சார் கோபப்படவில்லை. குச்சியை எடுத்துத் தரையில் கணக்குப் போட்டார். "ஆட்டம் எத்தனை நிமிஷம்? 40. ஆளு எத்தனை? பத்து. ஒரே ஒரு பந்து. சமமாப் பிரிச்சாலும் உனக்கு நாலு நிமிஷம்தான்டா கிடைக்கும். மிச்சம் 36 நிமிஷம் என்ன பண்ணப் போற? நின்னு வேடிக்கை பாக்கப் போறியா?"

எனக்கு அன்றைக்குப் பெரிய நிம்மதி. நாலு நிமிடத்துக்கு உதவாத நான், 36 நிமிடத்துக்கு உதவக்கூடும் அல்லவா?

இந்த விளையாட்டை உண்டாக்கியவரின் எண்ணமும் கிட்டத்தட்ட அதுதான் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியரான ஜேம்ஸ் நெய்ஸ்மித், பனிக்காலத்தில் உள்ளே அடைந்துகிடந்த மாணவர்களை மேய்க்க ஒரு வழி தேடினார். பீச் பழக்கூடை இரண்டை மாடத்துக் கைப்பிடியில் அடித்து மாட்டினார். கைப்பிடி பத்தடி உயரத்தில் இருந்ததால் இன்றைக்கும் வளையம் பத்தடியில் இருக்கிறது. அவர் எழுதியது 13 விதிகள். அதில் ஒன்று, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். தட்டிக்கொண்டு ஓடும் டிரிப்ளிங் எல்லாம் பின்னால் வந்தது. பந்து வைத்திருப்பவன் நட்ட கல்லாக நிற்க வேண்டும், மற்றவன் ஓடினால்தான் ஆட்டம் நகரும் என்று முதலிலேயே கட்டிவைத்துவிட்டார் மனுஷர். இத்தனைக்கும் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் அவர் பயிற்சியாளராக இருந்த காலத்தில் 55 வெற்றி, 60 தோல்வி. சொந்தப் பிள்ளையிடமே தோற்ற தகப்பன் கணக்கு!

அதே ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் ஆட்டம் நம் பக்கமும் வந்தது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இல் சென்னையில் தொடங்கிய உடற்பயிற்சிக் கல்லூரி, நந்தனத்தில் இன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் டிரில் மாஸ்டர்களில் பலர் அங்கே படித்தவர்கள்தான். எங்கள் சாரும் நந்தனம். "நந்தனத்துல எங்களை விட்டா பேசியே கொன்னுருவாங்கடா" என்று பெருமையாகச் சொல்வார்.

அவர் என்னை வளையத்துக்குக் கீழே, கடைசி ஆளாக நிறுத்தினார். முன்னால் நிற்கிறவன் தன் ஆளையும் பந்தையும்தான் பார்ப்பான். அவன் முதுகுக்குப் பின்னால் எதிரணிக்காரன் ஒருவன் சத்தம் போடாமல் வந்து சுவர்போல நின்றுவிடுவான். அதற்கு ஸ்கிரீன் என்று பெயர். அசையாமல் நின்றால் தப்பில்லை, விதி இடம் கொடுக்கிறது. நம்மவன் தன் ஆளைத் துரத்தி ஓடுகிற வேகத்தில் நேராகப் போய் மோதுவான். அதற்குள் அவனுடைய ஆள் தனியாக வளையத்துக்கு வந்துவிடுவான். முதுகில் கண் இல்லாதவனுக்குப் பின்னால் நிற்பவன்தான் கண்.

நான் முதல் தடவை கத்தியது, "பாத்துடா!" சார் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். "எதைப் பாக்கணும்? மேலயா, கீழயா? அவன் ஏற்கெனவே பாத்துக்கிட்டுத்தான இருக்கான்?" அன்றிலிருந்து 'பாத்துடா' எங்கள் மைதானத்தில் தடைசெய்யப்பட்டது. "ரைட்ல ஸ்கிரீன்" என்று சொல்ல வேண்டும். எந்தப் பக்கம், என்ன விஷயம், அவ்வளவுதான். அதையும் மோதுவதற்கு இரண்டு எட்டு முன்னாலேயே சொல்ல வேண்டும். மோதியபின் சொல்வதற்குச் சார் வைத்த பெயர் 'இரங்கல் கூட்டம்'.

இதற்கு அடுத்தது இன்னும் கஷ்டம். ஸ்கிரீனில் நம்மவன் மாட்டிக்கொண்டான், இனித் தப்ப வழியில்லை என்றால், "ஸ்விட்ச்!" என்று கத்த வேண்டும். உன் ஆளை நான் எடுத்துக்கொள்கிறேன், என் ஆளை நீ எடுத்துக்கொள் என்று அர்த்தம். கத்திய அந்த நொடியிலிருந்து அந்த ஓட்டக்காரன் கத்தியவனுடைய பொறுப்பு. கத்திவிட்டு இடத்தைவிட்டு அசையாதவனைச் சார் மன்னித்து நான் பார்த்ததில்லை. பேசாமல் நிற்பவனுக்குக் கொழுக்கட்டையோடு போயிற்று. கத்திவிட்டு நகராதவனுக்கு மைதானத்தைச் சுற்றி ஓட்டம். "சும்மா இருந்திருந்தா அவனாவது தன் ஆளை விடாமப் போயிருப்பான். நீ எடுத்துக்கிறேன்னு சொன்னதை நம்பித்தான விட்டான்?" தலைமையைப் பற்றி அதற்குப்பின் நான் எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்து, பிஸ்கெட்டும் டீயும் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மே மாதம் வந்தால் ஊர் மாறிவிடும். சாயங்காலமே சாப்பாட்டை முடித்துவிட்டுக் குடும்பம் குடும்பமாக கேலரிக்குக் கிளம்புவார்கள். பாட்டிமார்கூட வருவார்கள். அவர்களுக்கு ஃபவுல் தெரியும், டிராவல் தெரியும், எந்த ரெஃப்ரி கண்டிப்பானவர் என்றும் தெரியும். விளக்கு வெளிச்சத்தில் பூச்சி பறக்க, ராத்திரி வெகுநேரம்வரை ஆட்டம் நடக்கும். வங்கி, ரயில்வே, ராணுவம், போலீஸ் என்று அணிகள் எங்கெங்கிருந்தோ வந்து இறங்கும். ஆறரை அடி சர்தார்ஜி ஒருவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, முழங்கால் நெஞ்சை இடிக்க வடை சாப்பிட்டதைப் பார்க்கக் கூடிய கூட்டம் இன்னும் நினைவிருக்கிறது. அந்த அணிகளில் இடம் பிடித்தால் வேலை. எங்கள் பக்கத்துப் பையன்கள் சிலருக்கு ரயில்வேயும் வங்கியும் அப்படித்தான் வாய்த்தன. அதனால் அப்பாக்கள் பந்தாட்டத்தைத் திட்டினாலும் மே மாதம் மட்டும் திட்டமாட்டார்கள்.

நாங்கள் சின்னப் பையன்கள், ஸ்கோர் போர்டில் எண் மாட்டுவது, பந்து பொறுக்குவது என்று கோட்டோரமாகவே இருப்போம். கேலரியில் உட்கார்ந்தவர்களுக்குக் கிடைக்காத ஒன்று எங்களுக்கு அங்கே கிடைத்தது. பெரிய அணிகள் ஓயாமல் பேசிக்கொண்டே ஆடும். பஞ்சாபி, மலையாளம், தமிழ், நடுநடுவே பச்சையான வசவு. ஆனால் ஸ்விட்ச், ஹெல்ப், ஷாட் இந்த மூன்றும் எல்லா பாஷையிலும் ஒன்றுதான். ஓர் அணி தோற்கப் போகிறது என்பது ஸ்கோர் போர்டுக்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். முதலில் பேச்சுக் குறையும். அப்புறம் ஒருவரையொருவர் பார்க்கமாட்டார்கள். அப்புறம்தான் பாயின்ட் போகும்.

ஒரு வங்கி அணியில் நரை விழுந்த ஆட்டக்காரர் ஒருவர் இருந்தார். தொப்பைகூட எட்டிப் பார்த்தது. கடைசி ஐந்து நிமிடத்துக்கு மட்டும் இறக்குவார்கள். கூட்டத்துக்கு அவரைக் கண்டால் சிரிப்பு. அவர் கூடைக்கு எறிந்து நான் பார்க்கவே இல்லை. ஆனால் இறங்கியதும் மற்ற நால்வரின் தோளும் கொஞ்சம் தணியும். அவர் பின்னாலிருந்து தணிந்த குரலில் பேசிக்கொண்டே இருப்பார். பதற்றமில்லாத குரல். "வர்றான், வர்றான், உன் லெஃப்ட்டு, நான் இருக்கேன், நீ போ." அந்த 'நான் இருக்கேன்' என்பதற்காகத்தான் அந்த வங்கி அவருக்குச் சம்பளம் கொடுத்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மைதானத்தில் கேட்கக் கூடாத குரலும் உண்டு. மாவு மில்காரர் மகனுக்கு ஃப்ரீ த்ரோ விழவே விழாது. சார் அவனை இரண்டு கையாலும் தொடைக்கு நடுவிலிருந்து மேலே வீசச் சொன்னார். விழ ஆரம்பித்தது. ஆனால் மேட்சில் அவன் குனிந்து பந்தை வீசியதும், "பொம்பளப் புள்ள ஆட்டம்டா!" என்று கூட்டம் ஊளையிட்டது. அடுத்த ஆட்டத்தில் அவன் மறுபடியும் மேலிருந்தே எறிந்தான், மறுபடியும் தவறவிட்டான். சார் அவனை உட்காரவைத்துப் பேசியது எனக்குக் கேட்கவில்லை. பிறகு கூட்டம் என்ன கத்தினாலும் கீழிருந்துதான் வீசினான்.

ஊளைக்குப் பயந்தவன் அவன் மட்டுமில்லை. வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 பாயின்ட் எடுத்தது 1962 மார்ச் 2-ஆம் தேதி. ஃப்ரீ த்ரோவில் மகா மோசமான அவர், அன்றைக்கு 32-இல் 28 போட்டார். கீழிருந்து வீசிய பருவம் அது. பிறகு அதை விட்டுவிட்டார், விழுவதும் குறைந்துபோனது. அப்படி எறிவது தனக்கு வெட்கமாக இருந்தது என்று தன் சுயசரிதையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ரிக் பாரி என்று இன்னொருவர், யார் சிரித்தாலும் கவலைப்படாமல் கடைசிவரை கீழிருந்தே வீசி நூற்றுக்குத் தொண்ணூறு பக்கம் போட்டார். ஏழடி மனிதனுக்கே கேலரி பயம் இருந்தது என்று படித்தபோது, மில்காரர் மகன்மேல் எனக்கு மரியாதை கூடியது.

எனக்கு விளையாட்டில் வேலை கிடைக்கவில்லை. கிடைக்கிற ஆட்டமும் இல்லை அது. மின்சாரத் துறையில் ஹெல்பராகச் சேர்ந்து, வயர்மேனாகி, லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றேன். ஆடிக் காற்றில் தென்னை மட்டை விழுந்து கம்பி அறுந்த ஒரு ராத்திரி, கம்பம் ஊர்ப் பக்கம் ஒரு தோப்பில் நான் மின்கம்பத்தின் மேலே இருந்தேன். லைனை நிறுத்தி வேலை செய்வதற்கான அனுமதி, எல்.சி., வாங்கியாயிற்று. மின்சாரத்தைத் துண்டிக்கும் ஏ.பி. ஸ்விட்சைத் திறந்தாயிற்று. இருந்தும் ஃபோர்மேன் எர்த் ராடு போடாமல் என்னை ஏற விடவில்லை. எங்கோ ஒரு மண்டபத்தில் எவனாவது ஜெனரேட்டரைத் தப்பாகப் போட்டால் செத்த கம்பியும் உயிர் பெற்றுவிடும் என்பார். நான் ஏறியதிலிருந்து கீழே நின்று டார்ச் அடித்தபடி பேசிக்கொண்டே இருந்தார். "உன் வலது முழங்கைகிட்ட ஸ்டே கம்பி. காலுக்குக் கீழ கிராஸ் ஆர்ம் விரிசல் விட்டிருக்கு, இடது காலை அதுல வைக்காத." கொஞ்ச நேரம் கழித்து, "நீ இறங்கு. இதுல எனக்குத்தான் பழக்கம்" என்று அவரே ஏறினார். ஓய்வுக்குச் சில மாதமே இருந்த மனிதர். அவர் வாழ்நாளில் கூடைப்பந்து பார்த்திருப்பாரா என்று தெரியாது. சாருடைய பாடத்தில் முதல் மார்க் வாங்கியிருப்பார்.

நான் நாலு பேரை வேலை வாங்கும் இடத்துக்கு வந்தபோது 'கவனமாக இருங்கள்' என்று சொல்வதையே விட்டுவிட்டேன். எந்த அலுவலகச் சுவரிலும் அந்த வாசகம் தொங்கும். அது தொங்குகிற சுவருக்கு நல்லது, ஆளுக்குப் பிரயோஜனமில்லை. எந்தக் கம்பத்தில், எந்தப் பக்கம், என்ன ஆபத்து என்று சொன்னால்தான் பையன் கையை இழுத்துக்கொள்வான்.

வீட்டிலும் இது நடந்தது. அப்பா படுத்த படுக்கையான வருஷம், நாங்கள் நான்கு பிள்ளைகள். ஆளாளுக்கு வேலை, ஆளாளுக்குக் குடும்பம். எல்லாரும் போனில் "அப்பாவைப் பாத்துக்குங்க" என்று சொல்லிக்கொண்டோம், யாரிடம் சொல்கிறோம் என்றே தெரியாமல். அக்காதான் அதை உடைத்தாள். தினம் சாயங்காலம் போன் போட்டு, "தம்பி, இன்னைக்கு ராத்திரி நான். நாளைக்கு டாக்டர்ட்ட நீ போற. சின்னவன் மருந்து வாங்கிட்டான்" என்பாள். அதிகாரம் பண்ணுகிறாள் என்று சின்னவனுக்கு மனத்தாங்கல். ஆனால் முதல் ராத்திரியைத் தனக்கு எடுத்துக்கொண்டு பேசுகிறவளிடம் என்ன சொல்லிச் சண்டை போடுவது? கேலரியில் முறுக்குத் தின்ன மட்டுமே வந்தவள் அவள்.

ஆட்டம் இப்போது ரொம்ப மாறிவிட்டது. உலக சம்மேளனம் 1984-இல் மூன்று பாயின்ட் கோட்டைக் கொண்டுவந்தது. 2000-இல் கூடைக்கு எறிய இருந்த 30 விநாடியை 24 ஆக்கியது, இரண்டு பாதி ஆட்டத்தை நான்கு துண்டாக்கியது. செம்மண் போய் சிமென்ட் வந்தது, சிமென்ட் போய் வழவழப்பான தரை வந்தது. பயிற்சிக்கு வரும் பையன்கள் காதில் எதையோ செருகிக்கொண்டு வருகிறார்கள். எறிகிறார்கள், அழகாக எறிகிறார்கள், நாங்கள் கனவில்கூட நினைக்காத தூரத்திலிருந்து. ஆனால் மைதானத்தில் பந்துச் சத்தமும் ஷூ கிறீச்சிடுவதும்தான் கேட்கிறது. இதைச் சொன்னால் கிழவன் புலம்புகிறான் என்பார்கள். புலம்பல்தான், ஒத்துக்கொள்கிறேன்.

பெண்கள் ஆட்டம் மாறியதில் எனக்கு அந்தப் புலம்பல் இல்லை. எங்கள் காலத்தில் தாவணி போட்ட பெண் கோட்டுக்கு உள்ளே வருவதே பேச்சாகும். இந்திய அணிக்குக் கேப்டனாக இருந்த சென்னைப் பெண் அனிதா பால்துரைக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது, பத்திரிகையை எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் காட்டினேன். "நான் ஆடியிருந்தா எனக்கும் கிடைச்சிருக்கும்" என்றாள். விளையாட்டாகச் சொன்னாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

என் பேத்தி கோயம்புத்தூரில் பள்ளி அணியில் ஆடுகிறாள். லீவுக்கு வந்திருந்தபோது கேட்டாள், "தாத்தா, நீங்க ஒரு மேட்ச்ல அதிகபட்சம் எவ்வளவு பாயின்ட் எடுத்தீங்க?"

"ஆறு. அதுல ரெண்டு பந்து தானா பட்டு விழுந்தது."

"அப்புறம் எதுக்கு உங்களை டீம்ல வச்சிருந்தாங்க?"

ஸ்கிரீன், ஸ்விட்ச், 36 நிமிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். "ஓ, அதுவா. எங்க டீம்ல அது நான்தான். கோச் என்னை லவுட் ஸ்பீக்கர்னுதான் கூப்பிடுவாரு" என்றாள், ஏதோ பக்கத்து வீட்டுச் செய்தி சொல்வதுபோல. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஃப்ரீ த்ரோவைக் கீழிருந்து வீசிப் பார்க்கிறாயா என்று கேட்டேன். அதற்கு மட்டும் முகத்தைச் சுளித்தாள்.

அவளுடைய மேட்ச் ஒன்றைப் பார்க்கக் கோயம்புத்தூர் போனேன். இடைவேளையில் வேர்த்து விறுவிறுத்து கேலரிக்கு ஓடிவந்தாள். தண்ணீர் கேட்கத்தான் வருகிறாள் என்று பாட்டிலை நீட்டினேன்.

"தாத்தா, ப்ளீஸ், நீங்க இங்கேருந்து ஸ்கிரீன் ஸ்கிரீன்னு கத்தாதீங்க. பிள்ளைங்களுக்கு என் சத்தமே கேக்க மாட்டேங்குது."